பொம்மையில் பழகிய கை தியேட்டரில் உதவுமா?

கேள்வி இது: "பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சர்ஜிக்கல் வார்டில் இருக்கிறேன். அடுத்த மாதம் ஆபரேஷன் தியேட்டருக்கு மாற்றுகிறார்கள். அதற்கு முன்னால் இரண்டு வாரம் சிமுலேஷன் லேபில் பயிற்சி என்கிறார்கள். பொம்மையை வைத்துப் பழகினால் நிஜ ஆபரேஷனில் கை வருமா? வீட்டில் என்ன பழகலாம்? வெளியே பணம் கட்டித் தனியாக ஒரு கோர்ஸும் படிக்க வேண்டுமா?"

கை வரும். ஆனால் எதற்கு வரும், எதற்கு வராது என்று தெரிந்துகொண்டு உள்ளே போனால்தான் அந்த இரண்டு வாரம் உருப்படியாகப் போகும். ஸ்க்ரப் நர்ஸாக, அதாவது சர்ஜன் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுப்பவளாகப் பல வருடம் நின்றுவிட்டு, இப்போது புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: லேபில் கையைவிட வாயைத்தான் அதிகம் பழக்க வேண்டும். கருவிகளை எடுத்துக் கொடுப்பது சில மாதம் தியேட்டரில் நின்றால் யாருக்கும் வந்துவிடும். "சார், கவுண்ட் (துணி, ஊசி, கருவிகளின் எண்ணிக்கை) சரியில்லை, மூடாதீங்க" என்று சீஃப் சர்ஜன் முகத்துக்கு நேரே சொல்வது, வருடக்கணக்காக நின்றவர்களில் சிலருக்கே இன்னும் வரவில்லை. அதைப் பழகுவதற்கு ஒரு நிஜ நோயாளியைப் பணயம் வைக்க முடியாது.

பொம்மை வைத்து நர்சிங் படிப்பது இப்போது வந்த ஃபேஷன் என்று சில சீனியர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். 1911லேயே அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனையின் நர்ஸ் பள்ளிக்கு மார்த்தா சேஸ் என்ற பொம்மை தயாரிப்பாளர் ஆள் உயரப் பொம்மை ஒன்று செய்து கொடுத்தார். மிஸஸ் சேஸ் என்றே அதைக் கூப்பிட்டார்கள். நாம் எல்லோரும் நெஞ்சை அழுத்திப் பழகிய ரெசசி ஆன், 1960ல் நார்வேக்காரரான ஆஸ்மண்ட் லேர்டால் செய்தது. அவரும் விளையாட்டுப் பொம்மை வியாபாரத்தில் இருந்தவர்தான். நம் ஊரில் 1871ல், இன்று சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் அதே ஜெனரல் ஹாஸ்பிட்டலில், நர்ஸ் பயிற்சி தொடங்கியது. அப்புறம் ரொம்ப காலம் வார்டுதான் லேப், படுத்திருப்பவர்தான் பொம்மை. இந்திய நர்சிங் கவுன்சில் 2021ல் திருத்திய பி.எஸ்ஸி. பாடத்திட்டம் செமஸ்டர் முறையைக் கொண்டுவந்ததோடு, ஸ்கில் லேபுக்கும் சிமுலேஷனுக்கும் பாடத்துக்குள்ளேயே இடம் கொடுத்தது. உங்கள் மருத்துவமனை லேப் கட்டியிருப்பதும் அந்தக் காற்று வீசுவதால்தான்.

இதில் பலன் இருக்கிறதா என்று அமெரிக்காவில் பெரிதாகவே ஆராய்ந்து பார்த்தார்கள். அங்குள்ள மாநில நர்சிங் வாரியங்களின் தேசியக் கூட்டமைப்பு பத்துக் கல்லூரிகளில் நடத்திய ஆய்வு 2014ல் வெளிவந்தது. வார்டு நேரத்தில் பாதியை எடுத்துவிட்டு சிமுலேஷன் கொடுத்த மாணவர்களும், வழக்கம்போல வார்டிலேயே படித்தவர்களும் லைசென்ஸ் தேர்விலும் முதல் வேலையிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருந்தார்கள். இதைச் சொல்லும்போது பலர் பாதியை விழுங்கிவிடுவார்கள். அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் உட்கார்ந்து பேசினார்கள். நாற்பது பேர் ஒரு பொம்மையைச் சுற்றி நின்று, முன்வரிசையில் இருக்கிற இரண்டு பேர் மட்டும் தொட்டுப் பார்ப்பதற்கும் அந்த ஆய்வுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கை வேலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். முதல் இரண்டு நாள் ஸ்க்ரப் (ஆபரேஷனுக்கு முன் கை கழுவுவது), கவுன், கையுறை மட்டுமே போதும். அலுப்பாக இருக்கும், ஆனால் இதில்தான் லேப் தியேட்டரை விடச் சிறந்த இடம். தியேட்டரில் தப்பாகக் கவுன் போட்டால் சீனியர் திட்டி வெளியே அனுப்புவார். எங்கே தப்பு என்று விளக்க அவருக்கு நேரம் இருக்காது. கை கழுவுவதைச் சரிபார்க்க ஒரு சுலபமான வழி: சாதாரணக் கையுறை போட்டு, உள்ளங்கையில் போஸ்டர் கலர் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு ஸ்க்ரப் செய்வது போலத் தேய்த்துவிட்டு, கண்ணைத் திறந்து பாருங்கள். கட்டை விரல், விரல் நுனி, விரலிடுக்கு, இந்த மூன்றில் ஒன்று வெள்ளையாகவே நிற்கும். இரண்டு முதல் ஐந்து நிமிடம் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பத்து நிமிடம் பிரஷ் வைத்துத் தோல் உரியத் தேய்க்கச் சொன்ன காலம் போய்விட்டது.

கவுனில் முன்பக்கம் நெஞ்சிலிருந்து டேபிள் மட்டம் வரை, கைப்பகுதியில் முழங்கைக்குச் சற்று மேலிருந்து மணிக்கட்டு வரை, இவ்வளவுதான் ஸ்டெரைல், அதாவது கிருமி நீக்கிய பகுதி. முதுகும் தோளும் அக்குளும் கணக்கில் இல்லை. இதைப் புத்தகத்தில் படித்தவர்கள்கூட, கை தளர்ந்ததும் அக்குளில் கட்டிக்கொண்டு நிற்பார்கள். பயிற்சியில் நான் ஒரு வேலை செய்வேன். ஸ்டெரைல் இல்லாத இடங்களிலெல்லாம், சக்கர நாற்காலியின் கைப்பிடி, விளக்கின் விளிம்பு, கூட நிற்பவரின் முதுகு என்று கலர் கோலப்பொடியை லேசாகத் தடவி வைத்துவிடுவேன். அரை மணி நேரம் கழித்து ஸ்க்ரப் நின்றவரின் கவுனையும் டிராலியையும் பார்த்தால் யார் எங்கே உரசினார்கள் என்று நீலமும் சிவப்புமாகத் தெரியும். வாதாட வேலையே இல்லை. (அந்தத் துணிகளைத் தியேட்டர் துணியோடு கலந்துவிடாதீர்கள். துணியையும் கருவிகளையும் ஸ்டெரைல் செய்யும் சி.எஸ்.எஸ்.டி. பிரிவு ஆட்கள் உங்களைத் தேடி வருவார்கள்.)

கருவிகளின் பெயரை மனப்பாடம் செய்ய லேப் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆலிஸ், பாப்காக், கோக்கர், மேயோ, மெட்சன்பாம் எல்லாம் படம் பார்த்து வீட்டிலேயே படித்துவிடலாம். லேபில் பழக வேண்டியது அவற்றைக் கொடுக்கும் விதம். தையல் ஊசியைப் பிடிக்கும் இடுக்கியான நீடில் ஹோல்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்த ஊசியை அதன் கூர்முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, அதாவது நூல் பக்கத்துக்குக் கொஞ்சம் கிட்டே, ஹோல்டரின் வாய் நுனியில் பிடிக்க வேண்டும். நூல் ஒட்டியிருக்கும் இடத்தையே பிடித்தால் ஊசி நசுங்கும், நடுவில் பிடித்தால் தைக்கும்போது திரும்பும். சர்ஜன் வலது கைக்காரர் என்றால் ஊசி முனை இடப்பக்கம் பார்க்கும். இடது கைக்காரருக்கு மாற்றிப் பிடிக்க வேண்டும். கைப்பிடி அவர் உள்ளங்கையில் அழுத்தமாக உட்கார வேண்டும். நூலின் வால் உங்கள் இன்னொரு கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது கைப்பிடியோடு சேர்ந்து அவர் கைக்குள் போய்விடும், அவர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார். வயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டுகிற ஒருவருக்கு இத்தனையும் ஒரே நொடியில் நடக்க வேண்டும் என்பதால் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கத்தி விஷயத்தில் கையிலிருந்து கைக்குக் கொடுக்கும் பழக்கமே வேண்டாம். கிட்னி டிரேயில் வைத்து நீட்டுங்கள், அவர் எடுக்கட்டும், திரும்பவும் அதிலேயே வைக்கட்டும். 3ஆம் நம்பர் ஹேண்டிலுக்கு 10, 11, 15 பிளேடுகள், 4ஆம் நம்பருக்கு 20லிருந்து மேலே. மாட்டுவதும் கழற்றுவதும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் அல்லது நீடில் ஹோல்டரால் மட்டுமே, விரலால் அல்ல. லேபிலும் பிளேடு வெள்ளைப் பெட்டிக்கும், கையுறை சிவப்புப் பைக்கும், நனைந்த காஸ் மஞ்சள் பைக்கும் போகட்டும். பயிற்சிதானே என்று எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் போட்டுப் பழகிய கை தியேட்டரிலும் அதையேதான் செய்யும்.

இனி கவுண்ட். என்னைக் கேட்டால் இரண்டு வாரத்தில் பாதியை இதற்கே கொடுப்பேன்.

ஆரம்பிக்கும் முன் ஒரு கவுண்ட், வயிற்றுக்குழியை மூடும் முன் ஒன்று, தோலை மூடும் முன் ஒன்று, நடுவில் ஆள் மாறினால் அப்போதும் ஒன்று. ஸ்க்ரப்பும் சர்க்குலேட்டிங் நர்ஸும் (வெளியில் நின்று வேண்டியதை எடுத்துத் தருபவர்) சேர்ந்து, ஒவ்வொன்றையும் பிரித்து, கண்ணால் பார்த்து, வாய்விட்டு எண்ண வேண்டும். "அஞ்சு கட்டு இருக்கு, இருபத்தஞ்சு" என்று கட்டை மட்டும் எண்ணுவது கவுண்ட் இல்லை. ஐந்து இருக்க வேண்டிய ஒரு கட்டுக்குள் நாலோ ஆறோ இருக்கலாம். நல்ல பயிற்றுநர் லேபில் இதைத்தான் வைத்து விளையாடுவார். ஒரு கட்டில் ஒன்றைக் குறைத்து வைப்பார். பாதியில் டெலிபோன் அடிக்கும். சர்க்குலேட்டிங் நர்ஸை வேறு வேலைக்குக் கூப்பிடுவார். ஒரு மாப்பை (ரத்தம் ஒற்றும் துணி) டிரேப் (நோயாளியை மூடும் துணி) மடிப்புக்குள் செருகிவிடுவார். இன்னொரு நாள், நிறம் மாறாத ஆட்டோகிளேவ் டேப் (ஸ்டெரைல் செய்யும் சூட்டில் நிறம் மாறுவது) ஒட்டிய பேக்கை உங்கள் டிராலியில் வைத்துவிட்டு, பிரிப்பதற்கு முன் பார்க்கிறீர்களா என்று கவனிப்பார்.

அந்தக் காட்சி எப்படிப் போகும் என்று சொல்கிறேன். தோல் தைக்கத் தயார். நீங்கள் எண்ணுகிறீர்கள், ஒரு மாப் குறைகிறது. சர்ஜனாக நடிப்பவர், "நல்லாப் பாரும்மா, இங்க எதுவும் இல்ல, நான் பார்த்துட்டேன்" என்கிறார். அடுத்த கேஸ் வெளியே காத்திருக்கிறது. அனஸ்தீசியா டாக்டர் மணி பார்க்கிறார். இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது, குரலைத் தணித்துக்கொண்டு பக்கெட்டைத் தாங்களே கிளறுவது. அதற்குள் நாலு தையல் விழுந்துவிடும். செய்ய வேண்டியது: எல்லோருக்கும் கேட்கும்படி, "சார், ஒரு மாப் குறையுது. மூடுறதை நிறுத்துங்க, வயித்துக்குள்ள ஒரு தடவை பாருங்க" என்று சொல்வது, அப்புறம் டிரேப், தரை, பக்கெட், குப்பைப் பை எல்லாம் தேடுவது, கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே கேட்பது. மாப்பில் எக்ஸ்ரேயில் தெரிகிற இழை இருப்பது இதற்காகத்தான். கேட்க எளிதாக இருக்கிறது. வாயால் சொல்லிப் பாருங்கள், முதல் தடவை குரல் கமறும். லேபில் அது நாலாம் தடவையில் சரியாகும். அதற்குத்தான் லேப்.

உலக சுகாதார நிறுவனம் 2008ல் வெளியிட்ட ஆபரேஷன் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில் 19 குறிப்புகள் இருக்கின்றன. மயக்க மருந்துக்கு முன், கீறலுக்கு முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் என்று மூன்று இடத்தில் நிறுத்திப் படிக்க வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் இதைப் பயன்படுத்திப் பார்த்தபோது ஆபரேஷனுக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என்று 2009ல் எழுதினார்கள். நம் பக்கம் பல இடங்களில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்: கேஸ் முடிந்த பிறகு ஒரே பேனாவில் எல்லாக் கட்டத்துக்கும் டிக். கீறலுக்கு முன் சத்தமாகப் படித்து, எல்லோரும் கையில் இருப்பதை வைத்துவிட்டுக் கேட்கும்படி செய்வதும் பழக வேண்டிய திறமைதான். சிமுலேஷனில் அதைப் படிப்பவர் நீங்களாக இருக்கட்டும், கேட்டு வாங்குங்கள்.

வார்டு வேலையையும் மறக்க வேண்டாம், தியேட்டரிலிருந்து ரெக்கவரிக்கும் உங்களைப் போடுவார்கள். நான் விரும்பி நடத்துகிற காட்சி ஒன்று: கருப்பை எடுத்த அம்மா, ஆபரேஷன் முடிந்து ஆறு மணி நேரம், இரவு இரண்டு மணி. பி.பி. 110/70. பல்ஸ் 118. "என்னமோ பண்ணுது சிஸ்டர், தண்ணி குடுங்க" என்று புரண்டு படுக்கிறார். வயிற்றுக்குள் கசிவதை வெளியே எடுக்கும் டிரெயின் பாட்டிலில் கொஞ்சம்தான் ரத்தம். முதல் முறை வருகிறவர்களில் பலர் பி.பி. நன்றாக இருக்கிறது, டிரெயினும் குறைவுதான் என்று நிம்மதியாகிவிடுவார்கள். உள்ளே ரத்தம் போகும்போது உடம்பு இதயத் துடிப்பை ஏற்றி, ரத்தக் குழாய்களை இறுக்கி பி.பி.யைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது இறங்கும்போது ஏற்கெனவே நிறையப் போயிருக்கும். டிரெயின் குழாயில் கட்டி அடைத்திருந்தால் பாட்டில் சும்மாதான் இருக்கும். யூரின் பையைக் குனிந்து பார்த்தாரா? 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாரா, போர்வையை விலக்கி பேடைப் பார்த்தாரா? இதெல்லாம் எனக்குப் பொம்மையின் மானிட்டரை விட முக்கியம்.

அப்புறம் ட்யூட்டி டாக்டருக்கு போன். தூக்கத்தில் எடுப்பவரிடம் "சார், பேஷன்ட் ஒரு மாதிரி இருக்காங்க" என்றால் "சரி, வாட்ச் பண்ணுங்க" என்றுதான் பதில் வரும். யார், எந்த பெட், என்ன ஆபரேஷன், இப்போது எண்கள் என்ன, உள்ளே ரத்தம் போகிறது என்று சந்தேகப்படுகிறேன், நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும். இவ்வளவும் அரை நிமிடத்தில். இப்படிச் சொல்லும் முறைக்கு எஸ்பார் என்று பெயர், அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. அவர் வாய்மொழியாகச் சொல்லும் ஆர்டரைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்த பிறகுதான் போனை வைக்க வேண்டும்.

காட்சி முடிந்ததும் எல்லோரும் டீ குடிக்கக் கிளம்பினால், அந்தப் பயிற்சியில் பாதி போயிற்று. பத்து நிமிடக் காட்சிக்கு இருபது நிமிடப் பேச்சு வேண்டும். அதை நடத்துகிறவர் முதலில் கேட்க வேண்டியது, "பல்ஸ் 118ஐப் பார்த்தபோது மனசுல என்ன ஓடுச்சு?" என்பது. "ஏன் யூரின் பார்க்கல?" என்று ஆரம்பித்தால் அது வைவா ஆகிவிடும், பிள்ளைகள் அடுத்த தடவை வாயே திறக்கமாட்டார்கள். நம் கல்லூரிகளில் திட்டுவதைப் பாடம் நடத்துவதாக நினைக்கும் ஆசிரியர்கள் கணிசம். அவர்கள் கையில் எத்தனை லட்சத்துப் பொம்மை இருந்தாலும் பலன் இல்லை. உங்கள் பயிற்றுநர் பேசாமல் கிளம்பினால் நீங்களே கேளுங்கள்: "மேடம், எங்கே தயங்கினேன்னு சொல்றீங்களா, இன்னொரு தடவை செய்றேன்." இரண்டாம் தடவை செய்வது ரொம்ப முக்கியம். தப்பைத் தெரிந்துகொண்டதோடு நிறுத்தினால் உடம்பில் ஏறாது.

வராதது எது என்றும் சொல்ல வேண்டும். பொம்மையின் தோல் விறைப்பு. நரம்பு ரப்பர் குழாய், பலர் குத்திய ஓட்டை விரலுக்கே தெரியும். அதில் 18 பச்சை கேனுலா (நரம்பில் போடும் ஊசிக்குழாய், எண் கூடினால் சன்னம்) போட்டவர் கீமோ எடுத்த ஒரு பாட்டியின் கையில் 22 நீலத்துக்கே திணறுவார். ரத்தத்தில் நனைந்த கையுறையின் வழுக்கல், மின்சாரத்தால் ரத்தக் கசிவை அடைக்கும் டயாதெர்மியின் புகை வாடை, நாலு மணி நேரம் நின்ற கால்வலி, ஒவ்வொரு சர்ஜனின் குணம், இவை எதுவும் லேபில் இல்லை. ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போட்டவர் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும் முதல் நாள் எப்படி இருக்குமோ அப்படித்தான் உங்கள் முதல் கேஸும் இருக்கும். அதனால் லேப் முடிந்ததும் நேரே தனியாக ஸ்க்ரப் நிற்க ஒப்புக்கொள்ளாதீர்கள். சில கேஸ்களுக்கு சீனியரோடு இரண்டாவது ஸ்க்ரப்பாக நிற்கக் கேளுங்கள். நியாயமான கோரிக்கை, இன்சார்ஜ் சிஸ்டர் மறுக்கமாட்டார்.

இன்னொரு குறை: பொம்மைக்கு வெட்கம் கிடையாது. அதனால் கதீட்டர் பழகும்போது மறைப்பு போடாமல், ஒரு வார்த்தை பேசாமல் காலை விலக்கிப் பழகிவிடுகிறார்கள். பொம்மையிடமும் பேசுங்கள். "அம்மா, யூரின் டியூப் போடப் போறேன், கொஞ்சம் ஜில்லுனு இருக்கும், மூச்சை இழுத்து விடுங்க." கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அல்லது தோழி ஒருத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பொம்மைக்காகக் குரல் கொடுக்கச் சொல்லுங்கள். "ஐயோ வலிக்குதும்மா" என்று ஒரு குரல் வந்தால் கை தானாக மெதுவாகும்.

வீட்டில் பழக அதிகம் தேவையில்லை. பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெருப் பக்கம் சர்ஜிக்கல் கடைகளில் சாதாரண நீடில் ஹோல்டர், ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் ஒவ்வொன்று வாங்கிக்கொள்ளுங்கள். காலாவதியான கையுறையும் நூலும் ஸ்டோரில் கேட்டால், எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். டி.வி. பார்த்துக்கொண்டே, ஹோல்டரைப் பார்க்காமல் ஊசி மாட்டுங்கள். ஆட்டுக்கால் வாங்கித் தையல் போட்டுப் பழகும் வீடியோக்களைப் பார்த்து அதில் இறங்க வேண்டாம். ஸ்க்ரப் நர்ஸுக்கு முதலில் அது வேலை இல்லை. ஊசியை வைத்து வேலை செய்தால் மூடியுள்ள ஒரு கெட்டி டப்பா பக்கத்தில் இருக்கட்டும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம்.

வெளிக் கோர்ஸ் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். அமெரிக்க இதயச் சங்கத்தின் உயிர்காப்புப் பயிற்சிகளான பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். மட்டும் விதிவிலக்கு, எங்கே வேலைக்குப் போனாலும் கேட்பார்கள், சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும். மற்றபடி யாராவது 'அட்வான்ஸ்ட் சர்ஜிக்கல் சிமுலேஷன்' என்று ஆயிரக்கணக்கில் கேட்டால், ஒரு மேஜைக்கு எத்தனை பேர், ஒருவர் எத்தனை தடவை தானே செய்வார், சொல்லிக் கொடுப்பவர் தியேட்டரில் நின்றவரா, முடிந்ததும் உட்கார்ந்து பேசுவார்களா என்று கேளுங்கள். பொம்மையின் விலையை மட்டும் பெருமையாகச் சொன்னால் திரும்பி வந்துவிடலாம்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. லேப் தொடங்கும் முன்பே உங்கள் கையுறை சைஸைச் சொல்லி வையுங்கள். பல லேபில் 7ம் 7.5ம் மொத்தமாக வாங்கி வைத்திருப்பார்கள். நம் பெண்களில் நிறையப் பேருக்கு 6 அல்லது 6.5தான் பொருந்தும். பெரிய கையுறையில் விரல் நுனி தொங்கும், ஊசி பிடிக்க வராது, கடைசியில் கை மேல் பழி போடுவீர்கள்.